பாரம் 1-ம் 2-ம் சேர்ந்து 26 பேர், கையில 600 வெள்ளி, எந்தப் புத்தகத்தைத்தான் வாங்குறது?

கோலாலம்பூர்ல செந்தூல் பக்கம் ஒரு இடைநிலைப்பள்ளியில புதுசா தமிழ் எடுக்க வந்திருக்கிற ஒரு டீச்சர் கேட்ட கேள்வி இது: "அக்கா, எனக்கு பாரம் 1-ம் 2-ம் சேர்த்து 26 பிள்ளைங்க, 13, 14 வயசு. நாலஞ்சு பேர் தடிப் புத்தகத்தைக் கூட ரெண்டு நாள்ல முடிச்சிட்டு வந்து நிக்கிறாங்க, பாதிப் பேர் சுமார், ஆறேழு பேர் முதல் பக்கத்தையே தாண்ட மாட்டேங்கிறாங்க. பெற்றோர் ஆசிரியர் சங்கம் 600 வெள்ளி குடுத்திருக்கு. எல்லாருக்கும் பிடிக்கிற மாதிரி ஒரு லிஸ்ட் குடுங்களேன்."

தங்கச்சி, எல்லாருக்கும் பிடிக்கிற லிஸ்ட்டுன்னு ஒண்ணு கிடையவே கிடையாது. அப்படி யாராவது குடுத்தா அது அவங்க சின்ன வயசுல படிச்சு ரசிச்ச லிஸ்ட்டா இருக்கும், அவ்வளவுதான். நான் பினாங்குல தமிழ் எடுக்க ஆரம்பிச்சு 19 வருஷம் ஆச்சு, அதுல 11 வருஷம் புசாட் சும்பரும், அதான் பள்ளி நூலகம், என் தலையிலதான், வருஷா வருஷம் புத்தகம் வாங்கி வாங்கி அதுல பாதி தூசி பிடிச்சு நின்னதுதான் என் அனுபவம். சில புத்தகப் பேர் சொல்றேன், ஆனா அதை விட எப்படித் தேடுறதுங்கிறதுதான் உங்களுக்கு உதவும், ஏன்னா அடுத்த வருஷம் வேற 26 பேர் வந்து உட்காருவாங்க.

முதல்ல அந்த "ஆறேழு பேர் வீக்"ங்கிறதையே கொஞ்சம் தள்ளி வைங்க. எந்த மொழியில வீக்? நம்ம பிள்ளைங்க கதை வேற யாருக்கும் இல்லாத கதை லா. தமிழ்ப்பள்ளியில ஆறு வருஷம் இருந்துட்டு வர்றவன் தமிழ் நல்லாவே படிப்பான், மலாய்ல வரலாறு புத்தகத்தைத் திறந்தா முழிப்பான், சிலர் பாரம் 1-க்கு முன்னாடி மலாயைப் பலப்படுத்துறதுக்குன்னு இருக்கிற புகுமுக வகுப்புல ஒரு வருஷம் உட்கார்ந்துட்டு வேற வர்றாங்க. மலாய்ல பாடம் நடக்கிற எஸ்.கே. தேசியப் பள்ளியில இருந்து வர்ற பிள்ளைக்கு மலாய் தண்ணி மாதிரி, ஆனா தமிழ்ல "க ப் ப ல்"னு எழுத்தெழுத்தா கூட்டித்தான் வரும். இன்னொருத்தன் ரெண்டுலயும் சுமார், ஆனா கேம் விளையாடி விளையாடி இங்கிலீஷ்ல என்னமோ ஒரு ஆர்டிக்கிளை முழுசா படிச்சு முடிச்சிருப்பான், நமக்குத் தெரியவே தெரியாது. ஆறாம் ஆண்டு யு.பி.எஸ்.ஆர் பரீட்சை 2021-லயே போயிடுச்சு, பாரம் 3-ல இருந்த பி.டி.3 அடுத்த வருஷமே போயிடுச்சு, அதனால கையில ஒரு பொதுப் பரீட்சை ரிசல்ட் கூட இல்லாமதான் பிள்ளைங்க நம்மகிட்ட வர்றாங்க, பள்ளி மதிப்பீட்டுல டிபி 4, டிபி 5னு அடைவுநிலை போட்டிருக்கிறதை வச்சு இவனுக்கு எந்தப் புத்தகம்னு கண்டுபிடிக்க முடியாது. என்னைக் கேட்டா அந்தப் பரீட்சை போனது வாசிப்புக்கு நல்லதுதான், பாரம் 3 வரைக்கும் கொஞ்சம் மூச்சு விட நேரம் இருக்கு, அதை நாம பயன்படுத்துறோமாங்கிறது வேற விஷயம்.

அதனால நான் வருஷ ஆரம்பத்துல ஒரு வேலை செய்வேன், ரெண்டு மூணு வாரம் இழுக்கும், ஆனா 600 வெள்ளியை வீணாக்காம இருக்க இதை விட்டா வழி இல்ல. ஒவ்வொரு பிள்ளையையும் தனியா பக்கத்துல உட்கார வச்சு, தமிழ்ல ஒரு பக்கம், மலாய்ல ஒரு பக்கம், இங்கிலீஷ்ல ஒரு பக்கம், ஒவ்வொண்ணும் 100 சொல் இருக்கிற மாதிரி, மெதுவா எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி படிக்கச் சொல்லுவேன். தெரியாத சொல் வர்றப்ப மேசையில ஒரு விரலை மடக்கணும். நியூசிலாந்துல பால் நேஷன்னு ஒரு மொழியியல் பேராசிரியர், சொல்வளம் பத்தி நிறைய ஆராய்ச்சி பண்ணவர், அவர் சொல்ற கணக்கு என்னன்னா யார் உதவியும் இல்லாம சுகமா படிக்கணும்னா பக்கத்துல இருக்கிற சொல்லுல 98 சதவீதம் தெரிஞ்சிருக்கணும், அதாவது 50 சொல்லுக்கு ஒரு சொல்தான் தெரியாததா இருக்கலாம். நாம 90 சதவீதம் தெரிஞ்சா போதும்னு நினைப்போம், போடா கண்ணா படிச்சிக்கலாம்னு தோள்ல தட்டுவோம், ஆனா 90ன்னா ஒவ்வொரு பத்து சொல்லுக்கும் ஒரு குழி, நல்ல ரோட்டுல மோட்டர் ஓட்டுறவன் கூட இறங்கித் தள்ளிக்கிட்டுப் போயிடுவான். 100 சொல்லுல ரெண்டு விரல் மடங்கினா அந்தப் புத்தகத்தை வீட்டுக்குக் குடுக்கலாம், நாலஞ்சு விரல்னா நான் கூட உட்கார்ந்தா படிக்கலாம், அதுக்கு மேல போனா வேணாம், அந்த மொழியில வேற புத்தகம், இல்ல வேற மொழியில அதே மாதிரி புத்தகம்.

இங்கிலீஷ் புத்தகத்துல லெக்ஸைல்னு ஒரு நம்பர் போடுவாங்க, அதைப் பார்த்து வாங்கலாமான்னு போன வருஷம் ஒரு சார் கேட்டாரு. அது வாக்கியம் எவ்வளவு நீளம், சொல் எவ்வளவு புழக்கத்துல இருக்குன்னு மட்டும் எண்ணிப் போடுற நம்பர், நம்பர் ஏற ஏற கஷ்டம்னு அர்த்தம். ஸ்டைன்பெக் எழுதின கிரேப்ஸ் ஆஃப் ராத், பெரியவங்க திணறிப் படிக்கிற நாவல், அதுக்கு 680. டைரி ஆஃப் எ விம்பி கிட், கார்ட்டூன் போட்ட புத்தகம், அதுக்கு 950. இதுக்கு மேல நான் என்ன சொல்ல.

சரி, நான் பண்ணின பெரிய தப்பைச் சொல்லிடுறேன், நீங்களும் பண்ணிடாதீங்க. புசாட் சும்பர் என் கைக்கு வந்த ரெண்டாவது வருஷம், ரொம்ப ஒழுங்கா செய்யணும்னு நினைச்சு எல்லாப் புத்தகத்தோட முதுகுலயும் கலர் ஸ்டிக்கர் ஒட்டினேன், சுலபமானதுக்கு சிவப்பு, நடுவுக்கு மஞ்சள், கஷ்டமானதுக்குப் பச்சை, ராத்திரி பத்து மணி வரைக்கும் என் பையனையும் கூட உட்கார வச்சு ஒட்டினோம். ஒரே வாரம். சிவப்பு அலமாரி பக்கம் ஒரு பய போகல, ஒரு பொண்ணு மட்டும் எடுத்தா, எடுத்து அந்த முதுகை உள்பக்கமா திருப்பி கணக்குப் புத்தகத்துக்குள்ள வச்சு நெஞ்சோட அணைச்சுக்கிட்டுப் போனா. நல்லா படிக்கிறவனுங்க பச்சையைத் தவிர எதையும் தொடல, பச்சையை எடுத்துட்டுப் போய் படிக்காமயே திருப்பிக் குடுத்தானுங்க. மூணாவது வாரம் ஹேர் டிரையர் கொண்டு போய் சூடு காட்டி ஒவ்வொண்ணா உரிச்சேன், சில புத்தகத்துல இன்னும் அந்தப் பிசின் வட்டம் கறுப்பா ஒட்டிக்கிட்டு இருக்கு. 13 வயசுல ஒரு பிள்ளைக்கு தான் படிக்கிற புத்தகம் அடுத்தவன் கண்ணுக்கு எப்படித் தெரியுதுங்கிறது கதையை விட முக்கியம். அதனால லெவல் எதுவா இருந்தாலும் அது உங்க நோட்டுல மட்டும் இருக்கணும், அலமாரியில எல்லாம் கலந்துதான் இருக்கணும்.

இப்ப நான் உண்மையிலேயே சொல்ல வந்த விஷயம். லெவல் பிள்ளைக்குள்ள இருக்கிற ஒரு நம்பர் இல்ல, விஷயத்துக்கு விஷயம் அது ஏறும் இறங்கும். என்கிட்ட பாரம் 2-ல ஒரு பையன் இருந்தான், பட்டர்வொர்த்ல வீடு, அப்பா துறைமுகத்துல கிரேன் ஓட்டுறவர். தமிழ்ல கதை குடுத்தா அஞ்சு வரிக்கு மேல போகாது, இங்கிலீஷ் டீச்சரும் இவன் தேற மாட்டான்னு கையை விரிச்சிட்டாங்க. ஒரு நாள் பினாங்கு சௌரஸ்தா மார்க்கெட் மேல் மாடியில, அங்க பழைய புத்தகக் கடைங்க வரிசையா இருக்கும்ல, கப்பலைக் குறுக்கால வெட்டிக் காட்டுற மாதிரி படம் போட்ட ஒரு பெரிய இங்கிலீஷ் புத்தகம் எட்டு வெள்ளிக்குக் கிடைச்சது. அதை மேசை மேல சும்மா போட்டு வச்சேன், அவனைக் கூப்பிடக் கூட இல்ல. ரெஸ்ட் நேரத்துல வந்து நின்னவன் நின்னவன்தான், கான்டீனுக்குப் போகல. படத்துல இருந்து கோடு போட்டு ஓரத்துல எழுதியிருக்கிற சின்னச் சின்ன எழுத்து ஒவ்வொண்ணையும் விரல் வச்சுப் படிக்கிறான், எனக்கே வாயில நுழையாத சொல்லு, அவன் படிச்சிட்டு "டீச்சர், இது தப்பா போட்டிருக்கான், இப்பல்லாம் கன்டெய்னரை இப்படிக் கட்ட மாட்டாங்க"ங்கிறான். அந்தப் பக்கத்தை ஒரு பச்சை ஸ்டிக்கர் பிள்ளைகிட்ட குடுத்திருந்தா பாதியில கொட்டாவி விட்டிருக்கும்.

இது ஏதோ எங்க பள்ளியில நடந்த அதிசயம் இல்ல. அமெரிக்காவுல 1988-ல ரெக்ட், லெஸ்லின்னு ரெண்டு பேர் சேர்ந்து ஒரு ஆராய்ச்சி வெளியிட்டாங்க, 7-ம் 8-ம் வகுப்புப் பிள்ளைங்க 64 பேர், அதாவது நம்ம பாரம் 1, 2 வயசுதான். நல்லா வாசிக்கிறவங்க, வாசிப்பு வராதவங்கன்னு பிரிச்சு, அதுக்குள்ள பேஸ்பால் நல்லா தெரிஞ்சவங்க, தெரியாதவங்கன்னு மறுபடி பிரிச்சு, ஒரு பேஸ்பால் மேட்ச் பத்தின பகுதியைப் படிக்கக் குடுத்து, படிச்சதைப் பொம்மை மைதானத்துல நகர்த்திக் காட்டச் சொன்னாங்க, வாயாலயும் சொல்லச் சொன்னாங்க. வாசிப்பு வராத ஆனா விளையாட்டு தெரிஞ்ச பிள்ளைங்க, வாசிப்பு நல்லா வந்து விளையாட்டு தெரியாத பிள்ளைங்களைத் தாண்டிட்டாங்க. படிக்கிறப்ப நம்ம மூளையில ஏற்கெனவே இருக்கிறது பாதி வேலையைச் செஞ்சிடுது, சொல்லு தெரியலைன்னாலும் இங்க இதுதான் வரும்னு ஊகிச்சுக்குது. பேஸ்பாலை எடுத்துட்டு அங்க பூப்பந்து, ஃபுட்பால், கேமிங், பூனை வளர்க்கிறது, மோட்டர் மாடிஃபை பண்றது, சமையல் எதை வேணாலும் போட்டுக்கலாம்.

அதனால "உனக்கு என்ன புத்தகம் பிடிக்கும்?"னு கேட்காதீங்க, படிக்காத பிள்ளைக்கு அதுக்குப் பதிலே இருக்காது, "தெரியாது டீச்சர்"னு தரையைப் பார்க்கும். "எதைப் பத்தி உன்னை அரை மணி நேரம் பேச விட்டா நிறுத்தாம பேசுவே?"னு கேளுங்க. ஒரு வருஷம் எனக்கு வந்த பதில்: பேய், லீ சோங் வெய், அம்மாவோட நாசி லெமாக் கடை, கே-பாப், நாய், "தூங்குறது", செத்துப் போனா என்ன ஆகும், எங்க தாத்தா எஸ்டேட்ல இருந்தது. பாருங்க, இந்த எட்டு பதில்லயே ஒரு அலமாரி இருக்கு. தூங்குறதுன்னு சொன்னவனுக்குக் கூட கனவு ஏன் வருதுன்னு மலாய்ல ஒரு அறிவியல் புத்தகம் கிடைச்சது, மூணு வாரம் திருப்பித் தரவே இல்ல.

தமிழ்ப் புத்தகம் வாங்குறப்ப நமக்குன்னு ஒரு தனித் தொல்லை இருக்கு, அதைக் கொஞ்சம் விரிவா சொல்லணும். கடையில நிக்கிறது பெரும்பாலும் தமிழ்நாட்டுல அச்சான புத்தகம். கதை நல்லாத்தான் இருக்கும், ஆனா தாலுகா ஆபீஸ், ரேஷன் கார்டு, பஞ்சாயத்து போர்டு, பிளஸ் டூ, கவர்மெண்ட் பஸ்ல பாஸ்னு வரிக்கு வரி வர்றப்ப நம்ம பிள்ளைக்கு அது வெளிநாடுதானே. அது கூட பரவால்ல, இன்னொண்ணு இருக்கு, நான் ரொம்ப வருஷம் கவனிக்காத ஒண்ணு. பேச்சு வழக்குல உரையாடல் இருந்தா சுலபமா இருக்கும்னு நினைச்சு அந்த மாதிரி புத்தகமா பொறுக்கினேன். ஆனா நம்ம பிள்ளைங்க கண்ணால பார்த்துப் பழகினது பாடநூல்ல இருக்கிற எழுத்துத் தமிழ், "வந்துகொண்டிருக்கிறான்"னு போட்டிருந்தா சட்டுனு படிச்சிடுறாங்க, "வந்துக்கிட்டிருக்காம்ல"ன்னு போட்டிருந்தா அங்கேயே நின்னுடுறாங்க, அதுவும் நெல்லை வழக்கு, கொங்கு வழக்குன்னா கேட்கவே வேணாம். காதுல கேட்டா சிரிப்பாங்க, கண்ணுல பார்த்தா திணறுவாங்க. அதனால அந்த மாதிரி புத்தகத்தை நான் வாய்விட்டுப் படிச்சுக் காட்டத்தான் வச்சிருக்கேன், தனியா படிக்கக் குடுக்கிறது உரையாடல் குறைஞ்சு எளிய எழுத்து நடையில இருக்கிறதை. கடையில நிக்கிறப்ப நடுப்பக்கம் ஒண்ணைத் திறந்து பாருங்க, எழுத்து அளவு, வரிக்கு நடுவுல இடம், ஒரு பத்தி எவ்வளவு நீளம், கூட்டெழுத்து மாதிரி ஒட்டி ஒட்டி வர்ற நீளச் சொல் எத்தனை, இதைப் பார்த்தாலே பாதி முடிவு பண்ணிடலாம்.

நம்ம ஊர்லயும் எழுதுறாங்க. சுங்கைப்பட்டாணி கே.பாலமுருகன், அவரும் ஆசிரியர்தான், சிறுவர்களுக்குன்னே மர்ம நாவல் எழுதியிருக்காரு, மர்மக் குகையும் ஓநாய் மனிதர்களும்னு ஒண்ணு, பேரைச் சொன்னாலே ஆம்பளப் பசங்க நிமிர்ந்து உட்காருவானுங்க. தமிழ்நாட்டுல இப்ப வளரிளம் வயசுக்கு நல்லா எழுதுறாங்க, பத்து வருஷத்துக்கு முன்னாடி இருந்த நிலைமை இல்ல. யெஸ்.பாலபாரதியோட மரப்பாச்சி சொன்ன ரகசியம், இந்தியாவுல சாகித்திய அகாடமி சிறுவர் இலக்கியத்துக்குக் குடுக்கிற பால சாகித்திய புரஸ்கார் விருதை 2020-ல வாங்கினது, தப்பா தொடுறவங்ககிட்ட இருந்து பிள்ளை எப்படித் தன்னைக் காப்பாத்திக்கிறதுங்கிறது பத்தி பேசுது, அதை முதல்ல நீங்க முழுசா படிச்சிட்டுதான் குடுக்கணும், ஏன்னா படிச்சிட்டு எந்தப் பிள்ளையாவது உங்ககிட்ட வந்து ஏதாவது சொல்லலாம், அதுக்கு நீங்க தயாரா இருக்கணும். ஆயிஷா இரா.நடராசன் எழுதின விஞ்ஞான விக்கிரமாதித்தன் கதைகள் அதே விருதை 2014-ல வாங்கினது, கேள்வி கேட்டுக்கிட்டே இருக்கிற பிள்ளை ஒண்ணு எப்பவும் இருக்கும்ல, அதுக்கு.

படக்கதையைப் பத்தி ஒரு சண்டை எப்பவும் வரும், "காமிக்ஸ் எல்லாம் புத்தகமா?"ன்னு. ஆமா, புத்தகம்தான். லாட் வரைஞ்ச தி கம்போங் பாய் 1979-ல வந்தது, பேராக் கம்பத்துல ஈயக் கப்பல் பக்கத்துல வளர்ற பையன், ஒரு பக்கத்துக்கு ரெண்டு மூணு வரிதான் எழுத்து, மீதி எல்லாம் படம், ஆனா அந்தப் படத்துல வாசிக்க எவ்வளவோ இருக்கு. மலாய்ல புடாக் கம்போங்னு இருக்கு. நான் இங்கிலீஷ் ஒண்ணு மலாய் ஒண்ணு வாங்கி ரெண்டு பேருக்குப் பக்கத்துல பக்கத்துல உட்கார வச்சுக் குடுப்பேன், இவனுக்கு மலாய் வராது அவனுக்கு இங்கிலீஷ் வராது, ரெண்டு பேரும் ஒரே பக்கத்தைத் திருப்புறப்ப தானா ஒருத்தனை ஒருத்தன் கேட்டுக்கிறானுங்க. அது முடிஞ்சா டவுன் பாய், 1981, ஈப்போவுல நடக்குது, 13 வயசுக்கு அதுதான் இன்னும் பொருத்தம். தமிழ்ல சிவகாசியில இருந்து வர்ற லயன், முத்து காமிக்ஸ் இருக்கு, 1972-ல இரும்புக்கை மாயாவியோட முத்து காமிக்ஸ் தொடங்கினப்ப படிச்ச தலைமுறை இன்னைக்கு தாத்தாங்க, ஒரு பையன் வீட்டுக்கு எடுத்துட்டுப் போனதை அவன் தாத்தா பிடுங்கிக்கிட்டு மூணு நாள் தரலையாம். எழுத்து கொஞ்சம் பொடி, அதைப் பார்த்துக்கங்க.

இங்கிலீஷ்ல ஜெர்ரி கிராஃப்ட்டோட நியூ கிட், அமெரிக்காவுல சிறுவர் புத்தகத்துக்குக் குடுக்கிற நியூபெரி பதக்கத்தை 2020-ல வாங்கினது, படக்கதை ஒண்ணுக்கு அந்தப் பதக்கம் கிடைச்சது அதுதான் முதல் தடவை. புதுப் பள்ளியில தன்னை மாதிரி ஆள் ரொம்பக் கம்மியா இருக்கிற இடத்துல போய் மாட்டிக்கிற பையன் கதை, எஸ்.எம்.கே. தேசிய இடைநிலைப்பள்ளியில 40 பேர் வகுப்புல மூணு இந்தியப் பிள்ளைங்கள்ல ஒருத்தனா உட்கார்ந்திருக்கிறவனுக்கு நாம எதையும் விளக்கத் தேவையே இல்ல. குவாமி அலெக்சாண்டரோட தி கிராஸ்ஓவர் முழுக்க கவிதையில எழுதின கூடைப்பந்து நாவல், பக்கத்துல பாதி வெள்ளையா இருக்கும், தடிப் புத்தகத்தை முடிச்சிட்டேன்னு சொல்லிக்கிற பெருமை வீக்கான பிள்ளைக்கும் கிடைக்கும், நல்லா படிக்கிறவளுக்கு அதுல ஆழமும் இருக்கு. ஒரே புத்தகம் ரெண்டு பேருக்கும் ஆகுறது அபூர்வம், இது அந்த அபூர்வத்துல ஒண்ணு. விம்பி கிட்டை நான் ரெண்டு மூணு வாங்குவேன், அதுக்குக் காரணம் அது தொடருங்கிறதுதான், முதல் புத்தகத்துல ஆள் பேரு, வீடு, ஸ்கூலு எல்லாம் பழகிடும், ரெண்டாவதுல அந்தச் சுமை இல்ல, மூணாவதுல ஓட ஆரம்பிச்சிடுவாங்க. வீக்கான பிள்ளைக்குத் தனிப் புத்தகத்தை விடத் தொடர் நல்லது. ஸ்காட்லாந்துல பாரிங்டன் ஸ்டோக்னு ஒரு பதிப்பகம் 1998-ல இருந்து வாசிப்புக் கஷ்டம் இருக்கிற பிள்ளைங்களுக்குன்னே போடுது, மங்கலான மஞ்சள் தாளு, கண்ணைக் குழப்பாத எழுத்து, மெல்லிசான புத்தகம், ஆனா கதை அவங்க வயசுக்கு ஏத்தது, வெளியில இருந்து பார்த்தா சாதாரண நாவல் மாதிரிதான் இருக்கும். விலை கொஞ்சம் கடிக்கும், பெரிய பழைய புத்தக விற்பனை நடக்குறப்ப கண்ணுல பட்டா விடாதீங்க.

நல்லா படிக்கிற அந்த நாலஞ்சு பேரை நாம ரொம்ப அலட்சியமா விட்டுடுறோம், "அவங்க பாட்டுக்குப் படிப்பாங்க"ன்னு. பாரம் 1-ல ஒரு பொண்ணு, தமிழ் அவ்வளவு அழகா படிப்பா, வீட்டுல பெருமையா பொன்னியின் செல்வன் அஞ்சு பாகத்தையும் வாங்கிக் குடுத்துட்டாங்க. 1950-ல இருந்து 54 வரைக்கும் கல்கியில வாரா வாரம் வந்த கதை, பெரியவங்களுக்கே ஒரு மாசம் பிடிக்கும். ரெண்டாம் பாகத்துல நின்னுடுச்சு, அது மட்டும்னா பரவால்ல, அம்மா தினம் "எத்தனை பக்கம்?"னு கேட்டுக் கேட்டு அந்தப் பிள்ளை ஆறு மாசம் எதையுமே படிக்கல. படிக்கத் தெரியும்ங்கிறதுக்காக எல்லாத்தையும் தூக்கி வைக்கக் கூடாது, 13 வயசுப் பிள்ளை 13 வயசுப் பிள்ளைதான்.

அவளை மறுபடி இழுத்தது எதுன்னா கடாரம். ராஜேந்திர சோழன் 1025-ல படை அனுப்பின கடாரம் நம்ம கெடாதான், எங்களுக்கு வடக்கே கார்ல போற தூரம், மெர்போக்ல பூஜாங் பள்ளத்தாக்கு மியூசியம் இருக்கு, சண்டி புக்கிட் பத்து பஹாட் அங்கதான் இருக்கு. நான் என்ன பண்ணேன்னா அந்த ஒரே விஷயத்துல மூணு உயரத்துல படிக்கிறதுக்குச் சேர்த்தேன். மியூசியத்துல குடுத்த மலாய் மடிப்புத்தாள், படமும் நாலு வரியும், அது ஒருத்தனுக்கு. கீழடியை வச்சு உதயசங்கர் எழுதின ஆதனின் பொம்மை, 2023-ல பால சாகித்திய புரஸ்கார் வாங்கின சின்ன நாவல், அது நடுவுல இருக்கிறவங்களுக்கு, மண்ணைத் தோண்டுறதுங்கிற ஒட்டு இருக்குல்ல. அவளுக்குப் பொன்னியின் செல்வன்ல முதல் பாகம் மட்டும், முடிக்கணும்னு கட்டாயம் இல்ல. வெள்ளிக்கிழமை எல்லாரையும் வட்டமா உட்கார வச்சுப் பேச விட்டேன், மடிப்புத்தாள் படிச்ச பையன்தான் மியூசியத்துக்கு நேர்ல போனவன், அதனால அவன்தான் அன்னைக்கு அதிகமா பேசினான், அவள் அவனைக் கேள்வி கேட்டா. கலர் ஸ்டிக்கரால நடக்காதது இப்படி நடந்துச்சு. கோலாலம்பூர்ல உங்களுக்கு பத்துமலை இருக்கு, கிள்ளான் ஆறு இருக்கு, ரயில் பாதை போட்ட கதை இருக்கு, பிரிக்பீல்ட்ஸ் இருக்கு, எதையாவது ஒண்ணைப் பிடிங்க.

காசு விஷயம். 600 வெள்ளிக்கு ஒரே புத்தகத்துல 26 பிரதி வாங்கிடாதீங்க, அதை விடப் பெரிய நஷ்டம் இல்ல, நான் பார்த்ததுல அது பாதிப் பேருக்குக் கஷ்டம், கால்வாசிப் பேருக்குச் சலிப்பு. நான்னா ஒரு 350 வெள்ளிக்குத் தனித்தனிப் புத்தகம், முடிஞ்ச வரைக்கும் விதவிதமா, 150 வெள்ளிக்கு ரெண்டு தலைப்புல நாலு நாலு பிரதி, கூட்டாளிங்க சேர்ந்து படிக்க, மீதி 100-ஐத் தொடவே மாட்டேன், மூணு மாசம் கழிச்சு யாரு எதைத் திருப்பித் தர மாட்டேங்கிறாங்கன்னு தெரியும்ல, அதோட அடுத்த பாகம் வாங்க. மே, ஜூன் பக்கம் கோலாலம்பூர் டபிள்யூ.டி.சி. மையத்துல நடக்கிற அனைத்துலகப் புத்தக விழா உங்களுக்குப் பக்கம்தானே, முடிஞ்சா ரெண்டு பிள்ளைங்களைக் கூட்டிட்டுப் போங்க, அதுல ஒண்ணு படிக்காத பிள்ளையா இருக்கட்டும், அவன் எடுக்கிறதை மறுக்காம வாங்குங்க, அவன் கூட்டாளிங்க அதைக் கட்டாயம் புரட்டுவாங்க. காசே இல்லாம வேணும்னா பிரதம் புக்ஸ் நடத்துற ஸ்டோரிவீவர் இருக்கு, 2015-ல ஆரம்பிச்சது, தமிழ், இங்கிலீஷ் ரெண்டுலயும் இலவசம், பிரிண்ட் போட்டுக்கலாம், நாலு நிலையா பிரிச்சிருக்காங்க. ஒண்ணாம் ரெண்டாம் நிலை சின்னப் பிள்ளைங்களுக்கு, அதை அப்படியே 13 வயசுக்காரன் கையில குடுத்தா மூஞ்சியில அடிச்ச மாதிரி இருக்கும், வேணும்னா "இதை உன் தம்பிக்குப் படிச்சுக் காட்டு"ன்னு குடுங்க, அப்ப வாங்கிக்குவான், வீட்டுல நாலு தடவை வாய்விட்டுப் படிச்சிட்டு வருவான். தம்பி இல்லைன்னா பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு.

புத்தகம் வாங்கி அலமாரியில வச்சா நடக்காது. வாரத்துல ஒரு நாள் பத்து நிமிஷம், நீங்களே முதல் அத்தியாயத்தை நல்லா குரல் குடுத்துப் படிங்க, சரியான இடத்துல நிறுத்திட்டு புத்தகத்தை மேசையில வச்சிட்டுப் போயிடுங்க, திரும்பி வர்றப்ப அது அங்க இருக்காது. இந்த நிலாம்ங்கிற வாசிப்புத் திட்டப் பதிவு இருக்கே, எத்தனை புத்தகம்னு எண்ணிப் போடுறது, அதை நான் குறை சொல்லல, ஆனா எண்ணிக்கைக்காக மெல்லிசு மெல்லிசா பொறுக்கிட்டு சுருக்கத்தைக் காப்பியடிக்கிறது எங்கேயும் நடக்கிறதுதான். என் வகுப்புல பிடிக்காத புத்தகத்தை 20 பக்கத்துல நிறுத்தலாம், ஏன் நிறுத்தினேன்னு ஒரு வரி சொன்னா போதும். "ரொம்ப நேரம் வர்ணிக்கிறாங்க டீச்சர், ஆள் இன்னும் வீட்டை விட்டே வெளிய வரல"ன்னு ஒருத்தன் சொன்னான், அந்த ஒரு வரியில அவனுக்கு என்ன வேணும்னு எனக்குத் தெரிஞ்சு போச்சு, அடுத்த நாள் மர்மக் கதை குடுத்தேன்.

அதனால இப்ப கடைக்கு ஓடாதீங்க. முதல்ல அந்த ஆறேழு பேரையும் அந்த நாலஞ்சு பேரையும் தனித்தனியா உட்கார வச்சு, எதைப் பத்தி அரை மணி நேரம் பேசுவாங்க, எந்த மொழியில எத்தனை விரல் மடங்குதுன்னு எழுதி எனக்கு அனுப்புங்க, பேரெல்லாம் வேணாம், பையன் 1, பொண்ணு 2னு போட்டா போதும். இந்த சனிக்கிழமை நான் எப்படியும் சௌரஸ்தா பக்கம் போறேன், மேல் மாடியில ஏதாவது மாட்டினா உங்களுக்கும் சேர்த்து எடுத்து வைக்கிறேன்.